தம்பி, கொழும்பு ரெண்டாக் கிடக்கு

"தம்பி, கொழும்பு ரெண்டாக் கிடக்கு."

காலை ஏழே முக்காலுக்கு வந்த போன். அரைத் தூக்கத்தில், "கொழும்பு ரெண்டு கொம்பனித்தெரு தானே அக்கா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"பகிடி விடாதையும். போன்ல பார்த்தா என்ர மெயில்ல ரெண்டு கொழும்பு நிக்குது. கந்தோர்க் கொம்பியூட்டர்ல ஒண்டுதான். போன்ல இருக்கிற மற்றதுக்குள்ள மூண்டு கிழமைக் கடிதம் வாசிக்காமக் கிடக்கு. ஓடர் எல்லாம் அதுக்குள்ள."

தூக்கம் போய்விட்டது.

அக்கா புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறவ. கீழே செத்தல் மிளகாயும் மைசூர்ப் பருப்பும் மூட்டை மூட்டையாய். வாசலில் மூட்டை தூக்கும் நாட்டாமிமாரின் சத்தம். மேல்மாடியில் ஒரு மின்விசிறி, இரண்டு கொம்பியூட்டர், அக்கா. அந்தக் கடையின் மெயில் சேர்வரைப் பார்த்துக்கொள்வது என் பகுதிநேர வேலை. அக்காவின் மெயில் பெட்டியைத் திறந்தால் இலங்கைப் படம் விரியும். முதல் தட்டில் ஊர்கள்: கொழும்பு, கண்டி, மட்டக்களப்பு, வவுனியா, கொடிகாமம், கோப்பாய். ஊருக்குள் கடைகளும் வருடங்களும். பேரேட்டில் எழுதிப் பழகின கை, கொம்பியூட்டருக்கு வந்த பிறகும் அதே ஒழுங்கில்தான் அடுக்கியது. அந்த ஒழுங்கை நான் ஏற்கெனவே ஒருமுறை குலைத்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கடலைப் பார்த்தபடி கோட்டை வரும்வரை ஒரே யோசனை. சேர்வர் ஒன்று, கணக்கு ஒன்று. போனுக்கு இரண்டு கொழும்பு, கொம்பியூட்டருக்கு ஒன்று. யார் பொய் சொல்கிறார்கள்?

இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிந்தி விளங்கின விஷயம் ஒன்று உண்டு. சேர்வரில் மரம் கிடையாது. திரையின் இடப்பக்கம் கிளை கிளையாய் விரிகிறதே, சின்ன அம்புக்குறியை அழுத்தினால் பிள்ளைகள் வெளியே வருகின்றனவே, அந்த மரத்தை வரைவது நம்முடைய போனும் கொம்பியூட்டரும்தான். சேர்வர் கொடுப்பது வெறும் பெயர்ப் பட்டியல். எங்கள் சேர்வரில் டிஸ்குக்குள் போய்ப் பார்த்தாலும் அப்படித்தான்: கண்டி ஒரு டிரெக்டரி, கண்டிக்குள் இருப்பதாக அக்கா நம்பும் 2021 அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு டிரெக்டரி. ஒன்றுக்குள் ஒன்று இல்லை. பெயர் மட்டும் நீளம்.

போனும் கொம்பியூட்டரும் மெயில் சேர்வரோடு பேசுவது ஐமெப் (IMAP) என்கிற பேச்சுமுறையில். இதை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினார். கடிதம் சேர்வரிலேயே கிடக்கட்டும், எந்தக் கொம்பியூட்டரிலிருந்தும் வந்து பார்க்கலாம் என்பது அதன் அடிப்படை. அப்படியானால் வருகிறவன் முதலில் கேட்க வேண்டியது, உன்னிடம் என்னென்ன பெட்டிகள், அதாவது ஃபோல்டர்கள், இருக்கின்றன என்பதுதானே. அந்தக் கேள்வியின் பெயர் லிஸ்ட். கம்பியில் போகும் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்:

ஏ1 லிஸ்ட் "" "*"
* லிஸ்ட் (\ஹேஸ்நோசில்ட்ரன்) "." "இன்பொக்ஸ்"
* லிஸ்ட் (\ஹேஸ்சில்ட்ரன்) "." "கண்டி"
* லிஸ்ட் (\ஹேஸ்நோசில்ட்ரன்) "." "கண்டி.2021"
ஏ1 ஓகே

முதல் வரி கேள்வி, ஏ1 அதன் இலக்கம். நடுவில் உள்ள ஒவ்வொரு வரியிலும் மூன்று சங்கதி. அடைப்புக்குறிக்குள் அந்தப் பெட்டியின் குணம்: பிள்ளை உண்டா இல்லையா, திறக்கலாமா முடியாதா. நடுவில் மேற்கோளுக்குள் தனியாக நிற்கும் புள்ளி, பிரிகுறி. கடைசியில் முழுப்பெயர். "நான் பெயரைப் புள்ளியால் பிரிப்பேன், நீ புள்ளியைக் கண்ட இடத்தில் கிளை போட்டுக்கொள்" என்பதுதான் சேர்வர் சொல்வதன் பொருள். சில சேர்வர்கள் புள்ளியைப் பிரிகுறியாக வைக்கும், சில சாய்கோட்டை. பிரிகுறியே இல்லை என்று சொல்லவும் சேர்வருக்கு உரிமை உண்டு. அப்போது எல்லாப் பெட்டியும் ஒரே தட்டில். எது என்று ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும். பெயர் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டு லிஸ்ட் அனுப்பினால் பெட்டி எதையும் சொல்லாமல் பிரிகுறியை மட்டும் சொல்லும்.

கேட்பதற்கு இரண்டு வழி. நட்சத்திரம் போட்டால் பிரிகுறியையும் தாண்டி அடிவரைக்கும் உள்ள எல்லாப் பெயரும் வரும். சதவீதக் குறி, அதாவது %, போட்டால் பிரிகுறியில் நின்றுவிடும். ஒரு தட்டு மட்டும். களஞ்சியக்காரனிடம் "மேல் தட்டில என்ன இருக்கு" என்று கேட்பதற்கும் "எல்லாத்தையும் வாசி" என்பதற்கும் உள்ள வித்தியாசம். அக்காவைப் போல நூற்றுக்கணக்கில் ஃபோல்டர் வைத்திருப்பவர்களுக்கு இது விளையாட்டில்லை. பட்டியலை வாங்கிய பிறகு பல புரோகிராம்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக "வாசிக்காத கடிதம் எத்தனை" என்று வேறு கேட்கும். ஒரு கேள்வி போய்வர 60 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், வரிசையாகக் கேட்கப்படும் 600 பெட்டிக்கு 36 விநாடி. அக்கா அதற்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்துவிடுவா. பட்டியலோடு எண்ணிக்கையையும் சேர்த்தே கேட்க 2010இல் ஒரு விரிவாக்கம் வந்தது. அதைப் பயன்படுத்தும் புரோகிராம் என்றால் தேத்தண்ணிக்கு நேரம் கிடைக்காது.

இந்த இரண்டு குறிக்கும் நடுவே நான் ரசிக்கும் ஒரு விசித்திரம் இருக்கிறது. அதைச் சொல்ல 2022க்குப் போகவேண்டும்.

டொலர் 200 ரூபாயிலிருந்து 300ஐத் தாண்டி ஓடின நாட்கள். வெளிநாட்டுச் சேர்வருக்கு டொலரில் காசு கட்ட முதலாளிக்கு விருப்பம் இல்லை. விரும்பினாலும் அட்டை வேலை செய்யவில்லை. உள்ளூருக்கு மாற்று என்றார். பழைய சேர்வரின் பிரிகுறி சாய்கோடு, புதியதன் பிரிகுறி புள்ளி. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், நினைவிருக்கும். யூபிஎஸ் கத்தத் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டுமென்று ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். "/" கண்ட இடத்தில் "." போடு. அவ்வளவுதான். வவுனியா/2019 என்பது வவுனியா.2019 ஆகும், வேலை முடிந்தது.

இனிஷியலை மறந்துவிட்டேன்.

எந்தத் தமிழன் பெயரில் புள்ளி இல்லை? அக்கா கடைகளை முதலெழுத்தால்தான் எழுதுவா: எஸ்.கே, எஸ்.ஆர், எஸ்.வி. சாய்கோட்டுச் சேர்வரில் அந்தப் புள்ளி வெறும் எழுத்து, ஒருவரையும் கேட்காமல் இருந்தது. புள்ளிச் சேர்வருக்கு வந்தவுடன் வெட்டுக்கத்தியாகிவிட்டது. வவுனியாவுக்குள் "எஸ்" என்று ஒரு கிளை, அதற்குள் கே, ஆர், வி மூன்றும் பிள்ளைகள். ஒருவரை ஒருவர் சந்தையில் முறைத்துக்கொள்ளும் மூன்று கடைக்காரரை ஒரே குடும்பமாக்கிவிட்டேன். மட்டக்களப்பில் ஆர்.எம்மும் ஆர்.ஜியும் அண்ணன் தம்பி.

விசித்திரம் இங்கேதான். அந்த "எஸ்" என்ற பெட்டியை யாரும் உருவாக்கவில்லை. அது கிடையாது. நட்சத்திரம் போட்டு எல்லாப் பெயரையும் கேட்கும் புரோகிராமுக்குச் சேர்வர் அதைச் சொல்ல வேண்டியதில்லை, "வவுனியா.எஸ்.கே" என்ற பெயரிலிருந்தே அது ஒரு எஸ்ஸை ஊகித்து வரைந்துகொள்ளும். ஆனால் % போட்டுத் தட்டுத் தட்டாக இறங்குகிறவனுக்கு இல்லாத எஸ்ஸையும் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவன் கீழே இறங்க வழியில்லை. அதனால் "எஸ் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் திறக்க முடியாது" என்ற குறிப்போடு சொல்லும். நோசெலக்ட் என்பார்கள். பெற்றோர் பிறக்கவே இல்லை, பிள்ளைகளின் பெயரில் மட்டும் வாழ்கிறார்கள்.

"அந்த வெறும் எஸ்ஸை அழிச்சு விடுமன்" என்றா அக்கா. அழிக்க முடியவில்லை. திறக்க முடியாத, பிள்ளைகள் உள்ள பெயரை அழிக்கக் கேட்டால் சேர்வர் மறுக்க வேண்டுமென்பது விதி. பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாய் வேறு பெயர் வைத்தேன்: எஸ்-கே, எஸ்-ஆர், எஸ்-வி. கடைசிப் பிள்ளை போனதும் எஸ் தானாக மறைந்தது. அன்றிலிருந்து அக்கா ஃபோல்டர் பெயரில் புள்ளி வைப்பதில்லை. கொப்பியிலும் வைப்பதில்லை என்பதைப் பிறகொருநாள் கவனித்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சரி, கொழும்புக்கு வருவோம்.

மாடிப்படி ஏறினதும் முதலில் பார்த்தது கந்தோர்க் கொம்பியூட்டரை. ஏன் ஒன்று மட்டும் காட்டுகிறது என்பதற்கு விடை ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. ஐமெப்பில் இரண்டு பட்டியல் உண்டு. ஒன்று, உள்ள பெட்டிகள் எல்லாம். மற்றது, "இவற்றை எனக்குக் காட்டு" என்று பாவிப்பவர் பதிந்து வைத்த சந்தாப் பட்டியல். அந்த மெயில் புரோகிராம் சந்தா உள்ளதை மட்டும் காட்டும்படி இருந்தது. போன் எல்லாவற்றையும் காட்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் சந்தா இல்லாத இரண்டாவது கொழும்பு எங்கிருந்து வந்தது? அக்காவே சொன்னா. மூன்று கிழமைக்கு முதல், கொழும்புக் கடைக்காரரின் மெயில் வந்தால் தானாகவே கொழும்புக்குள் போகட்டும் என்று வெப்மெயிலில் ஒரு விதி எழுதினாவாம், போனில் தட்டி. சேர்வரில் இந்த வேலையைச் செய்வதற்கு சீவ் என்று பெயர், அரிதட்டுத்தான். பெட்டி இல்லாவிட்டால் நீயே உண்டாக்கிக்கொள் என்று அதற்கு அனுமதி கொடுத்து வைத்தவன் நான். உண்டாக்கியதைச் சந்தாவிலும் சேர் என்று சொல்ல மறந்தவனும் நான்.

ஆனால் கொழும்பு ஏற்கெனவே இருக்கிறதே? ஏன் புதிதாக ஒன்று?

சேர்வரோடு நேரடியாகப் பேசினேன். லிஸ்ட், நட்சத்திரம். இங்கே ஒரு விஷயம். மேலே நான் காட்டிய உரையாடலில் கண்டி என்று அழகாக எழுதினேன். கம்பியில் அப்படி வராது. எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழ் ஏறியது 1991இல், ஐமெப்புக்கு ஐந்து வயதானபோது. பழைய ஆங்கில எழுத்துகளுக்கு மேல் எதையும் பெயரில் வைக்க முடியாத காலத்து வழி ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள்: & போட்டு, யூனிகோட் எண்களை ஆங்கில எழுத்துகளாக மடித்து, ஒரு சிறுகோட்டால் மூடு. 1996இல் விதியில் எழுதப்பட்ட இந்த மடிப்புக்கு மாற்றப்பட்ட யூடிஎஃப்-7 என்று பெயர். 2021இல் வந்த புதிய பதிப்பில் யூடிஎஃப்-8ஐ நேராகவே எழுதலாம், இரு பக்கமும் புதிய பதிப்பில் பேசச் சம்மதித்தால். புறக்கோட்டை மேல்மாடிக்கு அது இன்னும் வந்துசேரவில்லை. (கடைப் பெயர்ப்பலகையில் "& சன்ஸ்" என்று எழுதும் பழக்கத்துக்கும் இந்த மடிப்பால் ஒரு சிறு வரி உண்டு: உண்மையான & ஒன்றை எழுதவேண்டுமென்றால் அதற்குப் பின்னால் ஒரு சிறுகோடு போட்டே ஆகவேண்டும்.)

இந்தப் பட்டியலை அடிக்கடி பச்சையாகப் பார்த்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தமிழில் தொடங்கும் பெயர் எதுவானாலும் &க்கு அடுத்து பெரிய சி, அதற்கடுத்து 4, 5, 6, 7 இவற்றில் ஒன்று. அம்மா என்றாலும் வீடு என்றாலும் தப்பாது. சிங்களப் பெயர் எதுவானாலும் பெரிய டி. யூனிகோடில் தமிழும் சிங்களமும் குடியிருக்கும் வீதிகளின் இலக்கம் அப்படி. களஞ்சியத்தைப் பார்க்கும் மல்லியின் ஃபோல்டர்கள் சிங்களத்தில். எழுத்து வாசிக்காமலே சி வீட்டுக்காரர் யார், டி வீட்டுக்காரர் யார் என்று சொல்லிவிடலாம்.

இரண்டு கொழும்பும் சி வீட்டில்தான் இருந்தன. வாய்விட்டு வாசித்தேன். முதலாவது: சி, 5, யூ, எல், சின்ன எக்ஸ், சின்ன ஜி, சின்ன யூ, கூட்டல் குறி. இரண்டாவது: சி, 5, யூ, எல், சின்ன வை. அங்கேயே நின்றேன். ஐந்தாவது எழுத்தில் பிரிகிறது. முதல் நாலு எழுத்துக்குள் "க" முடிந்துவிட்டது. பிரச்சினை அதற்குப் பிறகு வரும் கொம்பிலும் (ெ) அரவிலும் (ா).

"கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே எண்ணாகப் போடலாம். அல்லது கொம்பு ஒன்று, அரவு ஒன்று என்று இரண்டு எண்ணாகப் போடலாம். திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. யூனிகோட் விதிப்படியும் இரண்டும் ஒன்றுக்கொன்று சமம். ஆனால் எங்கள் சேர்வர் பெயரை எண் எண்ணாக ஒப்பிடுகிறது, அதற்கு இவை இரண்டு ஊர்.

"அக்கா, பழைய ஃபோல்டருக்கு எப்பிடிப் பேர் வைச்சனீங்கள்?"

"அது பாமினியில அடிச்சு, பிறகு மாத்திறதில போட்டு மாத்தி, கொப்பி பண்ணி ஒட்டினது. அப்ப எனக்கு யூனிகோட்டு அடிக்கத் தெரியாது."

பாமினி என்ற பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடிப்போம், பிறகு க, பிறகு அரவு. பழைய தட்டச்சுக்காரரின் கண்ணுக்குத் தெரிந்த ஒழுங்கு. அக்கா பாவித்த மாற்றி கொம்பைத் தூக்கிக் க-வுக்குப் பின்னால் வைத்திருக்கிறது, அரவை அப்படியே விட்டிருக்கிறது, இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கவில்லை. போன் ஒகரத்தை ஒரே எண்ணாக அடித்தது. அரிதட்டு அந்தப் பெயரைத் தேடியது, கிடைக்கவில்லை, புதுக் கொழும்பு ஒன்றைக் கட்டியது.

திருத்துவதில் ஒரு வரிசை இருக்கிறது. பழையதற்கு நேராகச் சரியான பெயரை வைக்க முடியாது, அந்தப் பெயரில் புதியது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. முதலில் புதியதில் இருந்த கடிதங்களைப் பழையதற்கு மாற்றினேன். புதியதை அழித்தேன். பிறகு பழையதன் பெயரைச் சரியான எழுத்துக்கு மாற்றினேன். பெற்றோரின் பெயர் மாறும்போது சேர்வர் பிள்ளைகளின் பெயரையும் கூடவே மாற்றித் தர வேண்டும், தந்தது. பதின்மூன்று வருடக் கணக்கும் அசையாமல் கிடந்தது.

கொம்பியூட்டரைத் திறந்த அக்கா, "இப்ப கொழும்பு சாம்பலாக் கிடக்கு, திறபடுதில்லை" என்றா.

சந்தாப் பட்டியலை நான் தொடவில்லை. அதில் பழைய எழுத்துக் கொழும்பு அப்படியே இருந்தது. பெட்டி போனாலும் சந்தாவிலிருந்து பெயரைச் சேர்வர் தன்பாட்டில் நீக்கக் கூடாது. நாளை அதே பெயரில் பெட்டி திரும்பி வரலாம் என்ற நியாயம். செத்தவர் பெயர் வாக்காளர் இடாப்பில் கிடப்பது மாதிரி. பழையதை நீக்கிப் புதியதைச் சேர்த்தேன், சாம்பல் போனது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா அந்தக் காலத்தில் பாமினியில் அடித்து மாற்றியது கொழும்பை மட்டுமா? பட்டியலை மறுபடி எடுத்து ஐந்தாவது எழுத்து சின்ன எக்ஸாக உள்ளவற்றைத் தேடினேன். வெள்ளவத்தையும் வந்தது, ஆனால் அது நியாயமான எக்ஸ். அதற்குக் கொம்பு மட்டும்தான், அரவு கிடையாது. எட்டாவது எழுத்து கூட்டல் குறியாக இருந்தால்தான் கள்ளன். மிஞ்சியது கொடிகாமம், கோப்பாய், கொக்குவில், தொண்டைமானாறு.

"அக்கா, கோப்பாய்க்கும் விதி எழுதினீங்களோ?"

"இண்டைக்குப் பின்னேரம் எழுதுவம் எண்டு இருந்தனான்."

கீழே யாரோ பருப்பு மூட்டையைத் தடாலென்று இறக்கினார்கள். நான் கொடிகாமத்திலிருந்து தொடங்கினேன்.